வாஷிங்டனில் நம்ம ஊர் சுந்தரர்

ஜப்பான் ஓவியக் கண்காட்சி என்று போனால் நாம் என்ன பார்க்கிறோம்? கண்ணாடிக்குள் ஒரு படம், அதன் பக்கத்தில் நாலு வரி எழுதின அட்டை. "அலை எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாரேன்!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்து விடுவோம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கோட்டை அடுப்புப் பக்கம் நடக்கிற பாடு தெரிகிறதா என்ன? இதுவும் அப்படித்தான். ஆனால் அந்த அடுப்படிச் சமாசாரத்தில் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே!

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் என்று ஒன்று. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. சார்லஸ் லாங் ஃப்ரியர் என்ற செல்வந்தர் ஜப்பான், சீனா என்று தேடித்தேடிச் சேர்த்த பொருள்களுக்காக 1923-இல் திறந்த கட்டடமும், ஆர்தர் சாக்லர் என்பவர் கொடுத்த ஆயிரம் பொருள்களோடு 1987-இல் திறந்த கட்டடமும் சேர்ந்ததுதான் இது. பேரலைப் படத்துக்குப் பேர்போன ஹொக்குசாய் தன் கையாலேயே தீட்டிய ஓவியங்கள் அங்கே நிறைய உண்டு.

இந்த மாதிரி ஓவியங்களை வருஷம் பூராவும் மாட்டி வைக்க முடியாது. காகிதமும் பட்டும் வெளிச்சத்துக்கு ஆகாது. பூவிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்த சாயங்கள் சீக்கிரம் வெளுத்து விடும். அதனால் ஐம்பது லக்ஸ் அளவுக்கு விளக்கை மங்கலாக்கி, சில மாதம் காட்டிவிட்டு, கழற்றி இருட்டறைக்கு அனுப்பி விடுகிறார்கள். "ஏன் இப்படி இருட்டடிச்சு வெச்சிருக்காங்க?" என்று நமக்குத் தோன்றும். ஜன்னல் வெயில் படுகிற கொடியில் கல்யாணப் பட்டுப் புடவையைப் போட்டு மறந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்! மடிப்பு மட்டும் வெளுத்துக் கோடு விழுந்திருக்குமே.

தொங்கவிடும் சுருள் ஓவியங்களைச் சுருட்டி, 'கிரி' என்கிற மரத்தில் செய்த பெட்டியில் வைக்கிறார்கள். லேசான மரம், ஈரத்தை உள்ளே அண்ட விடாது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பெட்டியின் மூடிதான். வரைந்தவர் பெயர், படத்தின் பெயர், சில பெட்டிகளில் பிற்பாடு அதைப் பார்த்து உறுதி செய்த நிபுணரின் எழுத்து, இப்படி மூடியிலேயே மையால் எழுதி வைத்திருப்பார்கள். கண்காட்சியில் ஓவியம் மட்டும் கூடத்துக்குப் போகும். பெட்டி பின்கட்டில் தங்கும். ஆனால் பொருள் யாருடையது, எந்தக் கை மாறி வந்தது என்று விசாரிக்கிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த மூடியைத்தான்.

நம் பாட்டிமார் மட்டும் லேசுப்பட்டவர்களா? சீர்வரிசைக் குடத்திலும் அண்டாவிலும் பெயரும் ஊரும் வருஷமும் வெட்டி வைத்தார்களே, அதுவும் இதே காரியம்தான். பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போன தவலை திரும்பி வந்தது அந்த எழுத்தால்தானே?

எங்கள் ஊர்ச் சாமிக்கு அப்படி எழுதிய மூடி இல்லை. சாக்லர் கொடுத்த அந்த ஆயிரத்தில் ஒன்று, சுந்தரரும் பரவை நாச்சியாரும் இருக்கிற செப்புத் திருமேனி. பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகர காலத்து வேலை. எந்த ஊர், எந்தக் கோயில்? அருங்காட்சியகத்தார் தங்கள் தெற்காசியப் பொருள்களின் பூர்வீகத்தைத் துருவிக்கொண்டு போனபோது, 2023-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்திலிருந்து பதில் கிடைத்தது. அந்த நிறுவனத்தார் ஐம்பதுகளிலிருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்து வைத்தவர்கள். 1956-இல் எடுத்த ஒரு படத்தில் இதே சுந்தரரும் பரவையும், கள்ளக்குறிச்சி தாலுக்கா வீரசோழபுரம் சிவன் கோயிலில்! ஆக, 1956-இல் வீரசோழபுரத்தில் இருந்தவர்கள் 1987-இல் வாஷிங்டனில். நடுவில் எந்த இரவில், யார் தலைச்சுமையாக வெளியேறினார்களோ?

அந்த நாளில் காமிராவைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கைக்குக் கூடியிருப்பார்கள். எழுபது வருஷம் கழித்து இந்தப் படம்தான் சாட்சி சொல்லப்போகிறது என்று யார் நினைத்திருப்பார்கள்?

வேறு இரண்டு சிலைகளும் இப்படியே அகப்பட்டன. திருத்துறைப்பூண்டி பவ ஔஷதீஸ்வரர் கோயில் நடராஜர் 1957-லும், மன்னார்குடி பக்கத்து ஆலத்தூர் விஸ்வநாதர் கோயில் சோமாஸ்கந்தர் 1959-லும் படமாகியிருந்தார்கள். நம் தொல்லியல் துறையும் பார்த்து, சட்டத்தை மீறி வெளியே போனவைதான் என்று உறுதி செய்தது. 2026 ஜனவரியில் மூன்றையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அருங்காட்சியகம் அறிவித்தது.

சுந்தரர் கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் மெய் சிலிர்க்கும். அவர் பிறந்த திருநாவலூர் இன்று எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது" என்றார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் விடவில்லை. கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்துப்போனார். பாட்டன் கையெழுத்து இருந்த வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வந்து ஒத்துப் பார்த்தார்கள். எழுத்து பொருந்தியது, வழக்கு முடிந்தது. அன்றைக்கும் அவர் யாருக்குச் சொந்தம் என்று தீர்த்தது ஒரு பழைய ஆவணம்தான்!

உங்கள் தெருக்கோடிப் பிள்ளையார், குலதெய்வக் கோயில் உற்சவர், பரணில் கிடக்கும் பாட்டியின் குத்துவிளக்கு இவற்றுக்கெல்லாம் படம் இருக்கிறதா? இப்போது கையில் போன் இல்லாத வீடு ஏது? முன்பக்கம், பின்பக்கம், பீடம் மூன்றையும் எடுத்து, ஊரும் தேதியும் குறித்து வையுங்கள். கோயில் என்றால் நிர்வாகத்தில் கேட்டுக்கொண்டு எடுங்கள். அபிஷேக சமயத்தில் எடுத்தால் அலங்காரம் இல்லாமல் அடையாளம் தெளிவாகத் தெரியும். நான் எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினேன். திருவிழாப் படங்களில் எங்கள் தலைகள்தான் தெரிகின்றன. சாமியை மாலை மறைத்திருக்கிறது!

மூன்று பேரில் நடராஜர் மட்டும் உடனே புறப்படுவதாக இல்லை. இந்திய அரசின் சம்மதத்தோடு நீண்ட காலக் கடனாக வாஷிங்டனிலேயே காட்சிக்கு வைப்பதாக ஏற்பாடு. இந்தத் தடவை அவர் எந்தக் கோயிலில் இருந்தார், எப்படிப் போனார், எப்படித் திரும்பக் கிடைத்தார் என்ற முழுக் கதையையும் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லப்போகிறார்களாம்.