சமுதாயக் கல்லூரியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு விரைந்துவிடும் பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம். மகன் கணக்கில் தவறிவிட்டான். அல்லது மகளுக்கு மதிப்பெண் இருந்தும் பொறியியல் கல்லூரிக் கட்டணத்திற்கு வழியில்லை. அவர்களை மனதில் கொண்டே இதை எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1901-ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரி அங்கு முன்னோடி. நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இதைத் தொடங்கின. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இதை நாடெங்கும் பரப்ப உழைத்தார். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் இடம் உண்டு. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி ஆகியவை சேர்ந்ததே பாடத்திட்டம்.

தகவல் தொடர்பு என்றதும் செய்தி வாசிப்பதும் கேமராவும் நினைவுக்கு வரும். அவையும் நல்ல படிப்புகளே. ஆனால் நான் சொல்ல வருவது நம் கைப்பேசிக்கும் இணையத்திற்கும் பின்னால் மண்ணுக்குள் ஓடும் கேபிளைப் பற்றி. அதனுள்ளே இருப்பது கண்ணாடி இழை. மேல்பூச்சை உரித்தபின் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். சாலை தோண்டும்போது அது அறுந்தால், மாணவர் இரு முனைகளையும் ஆல்கஹாலால் துடைத்து, நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். ஒரு தூசி போதும், இணைப்பு கெட்டுவிடும். எங்கே அறுந்தது என்பதை ஓ.டி.டி.ஆர். என்ற கருவி காட்டும். அது இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. பிளஸ் டூ கணக்கில் தவறிய பிள்ளைக்கும் இது புரியும். கை நடுங்காத பொறுமைதான் முக்கியம்.

வேலைகள் பல உண்டு. வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்தல், அலுவலகங்களில் நெட்வொர்க் அமைத்தல், கண்காணிப்புக் கேமரா பொருத்துதல், கைப்பேசிக் கோபுரப் பராமரிப்பு எனச் சொல்லிக்கொண்டே போகலாம். 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம் ஊராட்சிகள் வரை இழையைக் கொண்டுசெல்வது. போட்ட கேபிளைப் பராமரிக்கவும் ஆள் வேண்டுமே!

ஒன்றை மறைக்கக்கூடாது. தொடக்க வேலை பெரும்பாலும் ஒப்பந்ததாரரிடம்தான். சம்பளம் குறைவாக இருக்கும், இரவிலும் அழைப்பார்கள். பாதுகாப்புக் கச்சை தராமல் கோபுரத்தில் ஏறச் சொன்னால் மறுக்கும் துணிவையும் கல்லூரி கற்பிக்க வேண்டும். என் பார்வையில், வாழ்க்கைத் திறன் பாடத்தின் முதல் பக்கமே அதுதான்.

சேர்க்கும் முன் நேரில் சென்று கேளுங்கள்: சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அமைப்பு வழங்குகிறது? பணியிடப் பயிற்சி எந்த நிறுவனத்தில், எத்தனை வாரம்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பிறகு ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்ப்ளைசிங் இயந்திரம் பிரிக்காத பெட்டியில் பளபளவென்று இருந்தால், வேறு கல்லூரியை விசாரியுங்கள்.