பல்பு ஏன் அடிக்கடி ஃபியூஸ் போகிறது?

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புது இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு பகலிலும் எரிகிறது. பல்புக்கு ஓய்வே இல்லை. அதற்காக மாதம் ஒன்றா போகும்?

போன பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால், டங்ஸ்டன் இழை அளவுமீறிச் சூடாகி, ஆவியாகிப் படிந்திருக்கிறது. மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே இழையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து ஆக்சிலேட்டரை முறுக்குங்கள். 15, 16 வோல்ட் என்று ஏறினால் ரெகுலேட்டர் போச்சு. பல்பு கடைக்காரருக்குத்தான் லாபம்.

கண்ணாடி பளிச்சென்று இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால், பெரும்பாலும் அதிர்வுதான். ஹோல்டர் ஆடுகிறதா பாருங்கள்.

ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் கூடுதலாகச் சூடேறி, கண்ணாடி விரிசல் விடலாம்.