மேடை உடையும் மெய்யான வரலாறும்



குலசேகரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஓராண்டு விழாவுக்குக் குளச்சல் போரை நாடகமாக்கினோம். 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்ற போர் அது. உடைகளை வாடகைக்கு வாங்கினோம். மன்னருக்கு வந்தது வெல்வெட்டுச் சட்டையும் ஜிகினா வேலைப்பாடும். ஒத்திகையில் ஒரு மாணவன், "ஐயா, நம் ஊர் வெயிலில் இதை அணிந்தா மன்னர் போர் செய்தார்?" என்று வினவினான். அவ்வினாவே எனக்குப் பாடமாயிற்று. உடைகளைத் திருப்பியனுப்பிவிட்டு, நாங்களே செய்யத் துணிந்தோம்.

பழங்கால உடையைச் செய்யப் புகுவோர் சிற்பம், ஓவியம், எழுத்துச் சான்று ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். திருவட்டாறு கோயில் தூண்களிலுள்ள உருவங்கள், தைக்காத துணியைச் சுற்றி மடித்து உடுத்தும் முறையைக் காட்டுகின்றன. ஆயினும் சிற்பம் மரபு வழிப்பட்டது. அதனை மட்டும் நம்பலாகாது.

அடுத்தது துணி. தையற்பொறி பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆகவே வெளியே தெரியும் தையலைக் கையாலேயே இட வேண்டும். செயற்கைச் சாயம் 1856இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அவுரி நீலத்தையும், சாயவேர் சிவப்பையும், மஞ்சள் தன் நிறத்தையும் தந்தன. கடுக்காய்ச் சாற்றுடன் இரும்பு சேர்ந்தால் கருமை கிட்டும். நம் வீரர்களுக்குக் காடாத்துணியும் கடுக்காயும் போதுமாயின. டச்சு வீரர்களுக்கு முழங்கால் வரை நீண்ட கோட்டு, முழங்காலோடு முடியும் காற்சட்டை, நீண்ட காலுறை, மூன்று மூலைத் தொப்பி ஆகியன வேண்டும். போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டி லனாய் 1777இல் மறைந்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இன்றும் உள்ளது. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, அக்கதையைச் சொன்னேன்.

எல்லாம் முடியும் வேளையில், சிற்றூர்ப் பெண்ணாக நடிக்கவிருந்த மாணவி கேட்டாள்: "ஐயா, நான் மேலே என்ன அணிய வேண்டும்?"

நான் வாயடைத்து நின்றேன். இந்நாட்டில் நாடார் முதலிய பல சமூகப் பெண்கள் மேலாடை அணிவது நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணியலாகாது என 1829ஆம் ஆண்டு அரச அறிவிப்பு தடுத்தது. தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859 ஜூலையில் வந்த அறிவிப்பு, குப்பாயம் அணியவும் முரட்டுத் துணியால் மறைத்துக்கொள்ளவும் இசைந்தது. உயர்சாதியாரின் முறையில் அணிவதற்கு மட்டும் அப்போதும் தடை நீங்கவில்லை.

இதனைச் சொல்ல அஞ்சி, அப்பாத்திரத்தையே நீக்கிவிட்டேன். மன்னரின் சட்டையைத் திருத்திய நான், அப்பெண்ணின் வரலாற்றை மறைத்தேன். அது பிழை என்பதை இன்று உணர்கிறேன். இன்று அந்நாடகத்தை நடத்தினால், அம்மாணவி கண்ணியமாகத் தோளை மறைத்த சேலையுடன் மேடையேறுவாள். "இத்துணியை அணியும் உரிமை அக்காலத்தில் இவளுக்கு இல்லை" என்று சூத்திரதாரன் அவையோருக்கு உரைப்பான். நடிப்பவளின் மானமும் காக்கப்படும். வரலாற்றின் உண்மையும் மறையாது.

ஆகவே, அன்பர்களே, பழைய உடையொன்றைத் தைக்கும்போது துணியையும் நூலையும் மட்டும் ஆராயாதீர்கள். அதை உடுத்த யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அக்கேள்வியின்றித் தைத்த உடை, வாடகை வெல்வெட்டைவிட மேலானதன்று.