மாம்பழம் காத்திருக்காது



மெக்சிகோ நாட்டின் தெற்கே வஹாக்கா மாநிலத்தில் சாவீட்டெஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயியிடம் முற்றத்தில் நிற்கும் மரத்தைக் காட்டி, இது என்ன மரம் என்று கேட்டால், 'மாங்கோ' என்பார். அவர் பேசுவது இஸ்பானிய மொழி. ஆனால் அந்தச் சொல் நம்முடையது. தமிழில் 'மாங்காய்' என்றும் மலையாளத்தில் 'மாங்ங' என்றும் வழங்கியதைப் போர்த்துக்கீசியர் கேட்டு 'மாங்கா' என்றார்கள். அதுவே பிற ஐரோப்பிய மொழிகளுக்கும், அங்கிருந்து கடல் கடந்து மெக்சிகோவுக்கும் போய்ச் சேர்ந்தது. பாதி உலகம் தள்ளி வாழும் ஓர் உழவர் நாள்தோறும் நம் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

பழம் போன வழி இரண்டு. ஒன்று பசிபிக் கடல்வழி. 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம், பிலிப்பீன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே இஸ்பானியக் கப்பல்கள் சென்று வந்தன. பட்டும் பீங்கானும் வந்த அந்த வழியில்தான் மாங்கன்றும் வந்தது. அதனால்தான் மெல்லிய தோலும் மஞ்சள் நிறமும் கொண்ட ஒரு வகைப் பழத்தை மெக்சிகோ மக்கள் இன்றும் 'மணிலா' என்று அழைக்கிறார்கள். (மெக்சிகோ மண்ணின் முதல் புனிதரான இயேசுவின் புனித பிலிப்புவும் இதே வழியில் பயணம் செய்தவர்தான். குருப்பட்டம் பெற மணிலாவிலிருந்து 1596-ல் தாயகம் திரும்பியபோது, அவருடைய கப்பலைப் புயல் ஜப்பானுக்குத் தள்ளிவிட்டது. மறு ஆண்டு நாகசாகியில் சிலுவையில் மறைசாட்சியானார்.) இன்னொரு வழி, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கிழக்குக் கரைக்கு.

இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தவை அமெரிக்காவின் புளோரிடாவில் உருவான சிவந்த தோல் வகைகள். அவற்றுள் 'ஹேடன்' என்பதன் தாய்மரம், 1889-ல் பூனாவிலிருந்து அனுப்பப்பட்டு 'மல்கோபா' என்று பெயரிடப்பட்ட மரம். நம் மல்கோவாவின் பெயர்தான் அது. ஹேடனின் வித்திலிருந்து வந்ததே இன்று அமெரிக்கக் கடைகளில் மிகுதியாகக் காணப்படும் 'டாமி அட்கின்ஸ்'. நார் மிகுந்த பழம், சுவையும் சுமார்தான், ஆனால் அடிபட்டாலும் தாங்கும். வணிகத்திற்கு அது போதும் போலும்!

மெக்சிகோ கிராமத்தில் மாமரத்திற்கு இரண்டு வாழ்வு உண்டு. முதலாவது வீட்டு முற்றத்து மரம். இது பெரும்பாலும் கொட்டையிலிருந்து தானாக முளைத்த நாட்டு வகை. இதன் பழத்தை யாரும் எண்ணுவதில்லை, விலை பேசுவதுமில்லை. பிள்ளைகள் கல்லெறிந்து வீழ்த்துவார்கள். பச்சைக் காயை நறுக்கி உப்பும் மிளகாய்த் தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தின்பார்கள். இதை வாசிக்கும்போதே நம் நாவில் நீர் ஊறுகிறது அல்லவா? புனித வாரத்தில் மாங்காயில் இனிப்புச் செய்து உறவினருக்குக் கொடுப்பது அந்தப் பகுதியின் வழக்கம். ஊரில் திருமண விருந்தோ இறந்தவருக்கான ஒன்பது நாள் செபமாலையோ எதுவானாலும், நாற்காலி போடுவது மரநிழலில்தான். 2017 செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு 8.2 அளவிலான நிலநடுக்கம் அந்தப் பகுதியை உலுக்கியபோது வீடுகளும் கோவில்களும் விரிசல் கண்டன. மக்கள் பல வாரங்கள் முற்றத்திலும் தெருவிலுமே உறங்கினார்கள்.

இரண்டாவது வாழ்வு தோப்பு மரத்தினுடையது. நாம் இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும். மெக்சிகோ ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டன் மாம்பழம் விளைவிக்கிறது. பெரும்பகுதியை அந்நாட்டு மக்களே உண்கிறார்கள். அமெரிக்காவுக்கு மாம்பழம் அனுப்பும் நாடுகளில் முதலிடமும் மெக்சிகோவுக்குத்தான். தோப்புகளில் பல 'எஹீதோ' எனப்படும் ஊர்ப் பொதுநிலத்தில் இருக்கின்றன. 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் அடிப்படையில் பெரும் பண்ணைகள் பிரிக்கப்பட்டு உழவர்களுக்கு வழங்கப்பட்ட நிலம் அது. 1992-ல் சட்டம் திருத்தப்படும் வரை அதை விற்க முடியாது. எனவே அங்கே தோப்புக்காரர் என்றால் பெரிய பண்ணையார் என்று எண்ணிவிடக் கூடாது. சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களே மிகுதி.

சாவீட்டெஸ், தபனத்தெபெக், சனத்தெபெக் ஆகிய ஊர்கள் தெவாந்தெபெக் நிலஇடுக்குப் பகுதியைச் சேர்ந்தவை. மழை ஓய்ந்து வறட்சி தொடங்கியதும் மரம் பூக்கும். அப்போது வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். அதை அவர்கள் 'நோர்த்தே' என்கிறார்கள், நம் மொழியில் வாடை. பலமாக அடித்தால் பூங்கொத்துகள் உதிரும். காலம் தவறி மழை வந்தால் பூவில் கருகல் நோய் பிடிக்கும். இவற்றையெல்லாம் தாண்டிப் பிடித்த பிஞ்சுகள் பிப்ரவரி முதல் அறுவடைக்கு வரும். பங்குனி வெயில் ஏறும் தவக்காலத்தில், எல்லாத் தோப்புகளும் ஒரே நேரத்தில் முற்றிவிடுகின்றன.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். நன்றாக விளைந்த ஆண்டில் விவசாயி மகிழ வேண்டும். ஆனால் மாம்பழ விவசாயி அஞ்சுவது அந்த ஆண்டைத்தான். முற்றிய காய் சில நாட்களுக்கு மேல் மரத்தில் நிற்காது. ஏற்றுமதிக்குக் காய் கெட்டியாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். பழுத்துவிட்டால் அது அந்தச் சந்தைக்கு ஆகாது. பறிப்பவர்கள் நீண்ட கழியில் கொக்கியும் பையும் கட்டி, பால் வடிந்து தோல் கருகாதபடி சிறிது காம்பு விட்டுப் பறிக்கிறார்கள். பறித்த காயை அப்படியே எல்லை கடத்தவும் முடியாது. பழ ஈயின் முட்டையும் புழுவும் சாக, 46 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கூடுதலான வெந்நீரில், பழத்தின் எடையைப் பொறுத்து ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அமிழ்த்தி வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. முன்பு பயன்பட்ட நச்சுப் புகை 1980-களில் தடை செய்யப்பட்டபின் வந்த முறை இது. இதற்கான தொட்டியும் கொதிகலனும் சான்றிதழும் வைத்திருப்பவை பெரிய சிப்பம் கட்டும் நிறுவனங்களே. மூன்று ஏக்கர்க்காரரிடம் அவை இல்லை.

ஆகவே அவர் வாசலில் வந்து நிற்கும் இடைத்தரகரிடம் விற்கிறார். இந்தத் தரகருக்கு மெக்சிகோ உழவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோயோத்தே'. அது அந்நாட்டுக் காடுகளில் திரியும், நரி போன்ற ஒரு விலங்கின் பெயர். தரகர் சொல்லும் விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மறுக்கலாம். மறுத்தால் அடுத்த வாரம் பழம் தரையில் கிடக்கும். பறிகூலிக்கும் விலை கட்டாத ஆண்டுகளில் பறிக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. தோப்பெங்கும் புளித்த வாடை வீசும். லூக்கா நற்செய்தியில் வரும் அறிவற்ற செல்வன், விளைச்சல் மிகுந்ததும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். மாம்பழக்காரருக்கு அந்தச் சோதனைக்கே இடமில்லை. அவர் விளைச்சலை வைக்கக் களஞ்சியம் ஏது?

நாங்கள் குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில் இலத்தீன் அமெரிக்கத் திருச்சபையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஏழைகள் சார்பாக நிற்றல் என்பதற்கு அங்கிருந்துதான் எடுத்துக்காட்டுகள் வரும். இதே தெவாந்தெபெக் மறைமாவட்டம் அவற்றுள் ஒன்று. 1971 முதல் 2000 வரை அங்கே ஆயராக இருந்த அர்த்தூரோ லோனா ரெயெஸ் பழங்குடி உழவர்களோடு நின்றவர். மலைப்பகுதியில் காப்பி பயிரிட்ட பழங்குடியினர் தரகரின் பிடியிலிருந்து விடுபட 1980-களின் தொடக்கத்தில் 'ஊசிரி' என்னும் கூட்டுறவை அமைத்தார்கள். ஹாலந்து நாட்டு அருள்தந்தை பிரான்ஸ் வான் டெர் ஹோஃப் அவர்களோடு உழைத்தார். 1988-ல் ஹாலந்தில் 'மாக்ஸ் ஹவேலார்' என்ற நியாய விலை முத்திரையோடு அந்தக் காப்பி விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் பேசப்படும் நியாய வணிகத்தின் தொடக்கங்களில் அது முக்கியமானது.

மலையில் காப்பிக்கு நடந்தது, அதே மறைமாவட்டத்தின் சமவெளியில் மாம்பழத்திற்கு ஏன் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை? உழவர்களுக்கு ஒற்றுமை போதாது என்று சொல்லிவிடுவது எளிது. நமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. காப்பிக் கொட்டையைக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். கூட்டம் கூடிப் பேசலாம், கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கலாம், நல்ல விலை வரும்வரை கொடுக்க மாட்டோம் என்று சொல்லலாம். மாம்பழத்தை வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. பேரம் பேச வேண்டுமானால் காத்திருக்க முடிய வேண்டும். காத்திருக்கக்கூடியவர் தரகர் ஒருவரே, ஏனெனில் அவருக்கு அடுத்த தோப்பு இருக்கிறது.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. மரத்தை முன்கூட்டியே பூக்கச் செய்து, சந்தை வெறுமையாக இருக்கும் முதல் வாரங்களில் பழம் கொடுப்பது ஒரு வழி. பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்து இலைமேல் தெளித்தால் மரம் முந்திப் பூக்கும். இதைக் கண்டறிந்தவர் ரமோன் பார்பா என்ற பிலிப்பீன்ஸ் அறிவியலாளர். அதற்காக உழவர்களிடம் உரிமத்தொகை வேண்டாம் என்று விட்டவர் அவர். கன்று வந்த நாட்டிலிருந்தே இந்த வித்தையும் வந்தது என்பது அழகான செய்தி. ஆனாலும் மருந்துக்கும் நீருக்கும் கையில் பணம் உள்ளவர் முந்திக்கொள்வார், இல்லாதவர் பழையபடி பங்குனியில் அகப்பட்டுக்கொள்வார். அண்டை மாநிலமான சியாப்பாஸின் சொகொனுஸ்கோ பகுதியினர் வேறு வழி கண்டார்கள். அங்கே தோன்றிய 'அத்தௌல்ஃபோ' என்ற சிறிய மஞ்சள் பழத்திற்கு 2003-ல் புவிசார் பெயர் உரிமை பெற்றார்கள். நமக்கு நம்பிக்கை தருவது இவற்றைவிடச் சிறிய முயற்சிதான். பழத்தைக் கீற்றுகளாக அரிந்து உலர்த்துவது. உலர்ந்த கீற்று காப்பிக் கொட்டையைப் போலக் காத்திருக்கும். ஊரில் மலிந்து கிடக்கும் வெயிலும் அதற்கு உதவும்.

சாவீட்டெஸ் வழியாக இருப்புப்பாதை ஒன்று செல்கிறது. மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வடக்கே போகும் ஏழைகள் அதையொட்டி நடந்தும் சரக்கு வண்டிகளில் தொற்றியும் செல்கிறார்கள். வழியில் கொள்ளையரிடம் சிக்கியவர்கள் பலர். அதே பாதையில் சற்றுத் தொலைவிலுள்ள இஸ்தெபெக்கில் அருள்தந்தை அலெஹாந்த்ரோ சொலலிந்தே 2007-ல் அவர்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பயணிகளில் சிலர் வழிச்செலவுக்காக மாந்தோப்புகளில் சில நாட்கள் பழம் பறித்துவிட்டுப் போகிறார்கள். பழம் விலை போகாத ஆண்டில் தோப்புக்காரரின் மகனும் அவர்கள் பின்னே வடக்கே நடக்கிறான். எல்லையில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கடத்திவிடுபவருக்கும் மக்கள் வைத்திருக்கும் பெயர் கோயோத்தேதான். தந்தையின் பழத்திற்கு விலை சொன்னவருக்கும், மகனின் பயணத்திற்கு விலை சொல்பவருக்கும் ஒரே பெயர்.

மே 15, உழவரான புனித இசிதோரின் திருவிழா. மெக்சிகோவின் பல கிராமங்களில் காளைகளையும் டிராக்டர்களையும் பூமாலையால் அலங்கரித்துக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரிப்பார்கள். மழை வேண்டிப் பவனி போவார்கள். தெவாந்தெபெக் பகுதியில் அப்போது மாம்பழக் காலம் முடியும் நேரம். ஆனால் வடக்கே நயரித்திலும் சினலோவாவிலும் அப்போதுதான் காய் முற்றத் தொடங்கும். அங்கே ஆகஸ்ட், செப்டம்பர் வரை வேலை இருக்கும். பறிப்பவர்களின் குழுக்கள் கழிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பழத்தின் பின்னே பேருந்து ஏறுகின்றன. முற்றத்து மரத்தில் எட்டாத உயரத்தில் நின்றுவிட்ட சில பழங்களைப் பிள்ளைகள் இன்னும் கல்லெறிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.