வேலைக்குப் போனால் தாய்ப்பால் வற்றிவிடுமா?

தாய்ப்பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். குழந்தை சப்பும்போது புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது, ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. பால் மார்பிலேயே தேங்கி நின்றால், இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது என்று உடல் சுரப்பைக் குறைத்துவிடும். ஆகவே பாலை வற்றவைப்பது வேலை இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும்வரை ஒரு தடவைகூடப் பால் எடுக்காமல் இருப்பதுதான் வற்றவைக்கிறது. தேவை இவ்வளவுதான்: நடுவில் இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிடம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. விலை உயர்ந்த பம்ப்கூட இதற்கு அடுத்தபடிதான்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவள் கொடுப்பது ‘சூட்டுப் பால்’, அதைப் பிழிந்து கொட்டிவிட்டுத்தான் குழந்தையை மடியில் போட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். திருச்சி வெயிலைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மார்புக்குள் இருக்கும் பால் உடம்பின் சூட்டில்தான் எப்போதும் இருக்கிறது. அது திரிவதும் இல்லை, கெடுவதும் இல்லை. தாய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உடனே பால் கொடுக்கலாம். கொட்டப்படும் பால் பசியோடு காத்திருந்த குழந்தைக்கு உரியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு வந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குக் குழந்தையோடு மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இங்கேயே இடிக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதம் என்பதால் இந்த இடி இல்லை. அரசு வேலைக்கு வீட்டில் நேர்த்திக்கடன் வைப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. இடைவேளை எவ்வளவு நேரம்? சுரங்கங்களுக்கான 1963ஆம் ஆண்டு விதிகள் 15 நிமிடம் என்றன. ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருவர் திருவெறும்பூர்ப் பக்கம் வேலை பார்க்கிறார் என்றால், 15 நிமிடத்தில் அவர் நகரத்தைக்கூடத் தாண்டமாட்டார். மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையில், மகள் ரத்னாவதியின் பிரசவத்துக்குக் கிளம்பிய தாயைத் தடுத்தது காவிரி வெள்ளம். இப்போது தடுக்கக் காவிரிப் பாலத்து நெரிசலே போதும். குழந்தை பக்கத்துக் காப்பகத்தில் இருக்கிறது என்று நினைத்து எழுதப்பட்டது இந்தச் சட்டம். குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருக்க, தாய் அலுவலகத்தில் பால் எடுத்து வைப்பது பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே மறுபடியும் தாழ்ப்பாள்தான். கழிப்பறைத் தாழ்ப்பாள் இந்தக் கணக்கில் சேராது. அங்கே யாரும் சாப்பாடு தயாரிப்பதில்லை.

என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடைகளை நினைத்தால் நிலைமை இன்னும் புரியும். தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. காந்தி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு விடுப்பும் இல்லை, இடைவேளையும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவிதான் ஆதரவு. 2015 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகள் நல்ல யோசனை, ஆனால் அவை பயணிகளுக்கானவை. தாய்ப்பால் வங்கியும் சொந்தப் பாலை வைத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளும் லாக்கர் இல்லை. திருச்சி அரசு மருத்துவமனையில் இருப்பது போன்ற வங்கிகள், தானமாக வந்த பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பவை.

ஸ்ரீரங்கம் என்றதும் பூவும் கூடவே வரும். பால் கட்டிக்கொண்டால் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பழைய கைவைத்தியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பாலை நிறுத்துவதில் பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை என்று 1988இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. ஆகவே பால் தொடர வேண்டும் என்கிறவர் மார்பில் மல்லிகை கட்டக் கூடாது. தலையில் வைத்துக்கொள்வதை ஆய்வு தடுக்கவில்லை. சாத்தார வீதிப் பூக்கடைகளுக்கு ஆபத்தில்லை.

இனி நடைமுறை. வேலையில் சேர இரண்டு வாரம் முன்பே பால் எடுத்துப் பழக வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவி, கருவட்டத்தின் விளிம்பில் கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் அழுத்தி, பிறகு பிழிய வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த, மூடியுள்ள பாத்திரம் வேண்டும். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும். திருச்சியில் அது ஏ.சி. அறைக்கு மட்டுமே பொருந்தும். மற்ற இடங்களில் ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் வைக்கலாம், கதவுத் தட்டில் வேண்டாம். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை, ஆனால் உருகிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

மேலே ஆடை பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மெதுவாகச் சுழற்றினால் போதும். அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீரில் பாத்திரத்தை நிற்கவைத்து வெதுவெதுப்பாக்கலாம். பாட்டி கொடுப்பதானால் பாட்டிலை விடப் பாலாடை நல்லது, பாலாடை என்றால் அவரே கைதேர்ந்தவர். குழந்தை மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, இரவில் கேட்கும்போதெல்லாம் நேரடியாகக் கொடுக்க வேண்டும். இரவில் புரோலாக்டின் கூடுதல். அறையும் இடைவேளை நேரமும் வேண்டும் என்று சேரும் தேதிக்கு முன்பே அலுவலகத்துக்கு எழுத்தில் தருவது நல்லது. மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.