முலுண்டில் மோதகமும் கொழுக்கட்டையும்

விநாயகர் சதுர்த்தியன்று முலுண்டில் நம் தமிழ் வீடுகளில் கொழுக்கட்டையும், மராட்டிய வீடுகளில் 'உகடீசே மோதக்' எனும் ஆவி மோதகமும் வேகின்றன. இரண்டிலும் பூரணம் தேங்காயும் வெல்லமும்தான். நாம் மாவைக் கிண்ணமாக்கிப் பூரணம் வைத்து மூடிவிடுகிறோம். அவர்களோ விளிம்பைச் சுற்றிலும் இதழ் இதழாகக் கிள்ளி, உச்சியில் கூர்முனையாகச் சேர்க்கின்றனர். அச்சில் அழுத்தியதைவிட விரலால் மடித்ததே நமக்கு அழகாகத் தோன்றுகிறது.

மெல்லிய மேல்தோலின் நுட்பம் மாவில் இருக்கிறது. உப்பும் சிறிது நெய்யும் சேர்ந்த கொதிநீரில் அரிசிமாவைக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். ஆறிய மாவு மடிக்கும்போதே வெடிக்கும். வெடித்த வழியே பூரணம் ஒழுகும். பிசைந்ததை ஈரத்துணியால் மூடி வைத்து, விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு செய்தால் ஒட்டாது.

பிரான்சின் லியோன் நகரத்தார் மீன் விழுதை இரு கரண்டிகளுக்கிடையே உருட்டி 'கெனல்' செய்கின்றனர். தளதளவென்று கொதிக்காத நீரில் வேகவைத்து, சாறு ஊற்றி அடுப்பில் சுடுகின்றனர். உப்பி வந்ததை உடனே பரிமாறாவிட்டால் அமுங்கிவிடும்.

மோதகத்தையும் சூட்டோடு உச்சியைப் பிளந்து, உருக்கிய நெய் விட்டு உண்ண வேண்டும். ஆறினால் தோல் இறுகும். ஆதலால் ஆர்டர் எடுத்து வீட்டில் செய்து விற்கும் பெண்கள் முன்தினமே செய்து அடுக்கிவைக்க இயலாது. விடியுமுன் அடுப்பு மூட்டுகின்றனர். பெரிய ஆவிப் பாத்திரம் வாங்க விரும்புவோருக்கு முத்ரா திட்டத்தின் 'சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் உண்டு. வாங்குவோர் எண்ணிக்கையோடு, எடுத்துச்செல்லும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.