ஸ்ட்ரா கேட்ட ஸ்டேன் சுவாமி... அவர் விட்டுச்சென்ற பெரிய கேள்வி என்ன?

2020 நவம்பர். நவி மும்பை தலோஜா சிறையில் இருந்த 83 வயது பாதிரியார் ஒருவர் நீதிமன்றத்தில் மனு போட்டார். கேட்டது ஒரு ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும். பார்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. அந்த மனுவின் விசாரணையே 20 நாள் தள்ளிப்போனது.

ஸ்டேன் சுவாமி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஸ்ட்ராதான். ஆனால், கைதாவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அவர் மற்ற கைதிகளுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

யார் இவர்?

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக வேலை செய்தவர். அங்கே மாவோயிஸ்ட் என்ற குற்றச்சாட்டில் சிறைக்குப் போன ஆதிவாசி இளைஞர்கள் பலருக்கு, வருடங்கள் ஓடியும் வழக்கு முடியவில்லை. ஸ்டேன் சுவாமியும் நண்பர்களும் 102 விசாரணைக் கைதிகளிடம் பேசி 2016-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் பரம ஏழைகள். தங்களுக்கும் மாவோயிஸ்ட்டுகளுக்கும் தொடர்பே இல்லை என்றார்கள். பிறகு அவர் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார்.

சரி, இதுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்த்தாயா? இறுதித் தீர்ப்பு நாளில் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று என்கிறது மத்தேயு நற்செய்தி. அதனால்தான் கிறிஸ்தவர்கள் பலர் கேக், சோப்பு, துணிமணியோடு சிறைக்குப் போகிறார்கள், ஜெபம் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பார்க்கப் போன சிலர், 'இவர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்?' என்றும் கேட்டார்கள். சீர்திருத்தம் அங்கேதான் தொடங்கியது.

இங்கிலாந்தின் ஜான் ஹோவர்டு அப்படி ஒருவர். ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ளவர். 1773-ல் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்ட ஷெரிஃப் ஆனதும் சிறையைப் பார்வையிட்டார். நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களே உள்ளே அடைந்து கிடந்தார்கள். காரணம், சிறை அதிகாரிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் அவர்களிடம் இல்லை. ஹோவர்டு விடாமல் பேசியதன் விளைவாக, அந்தக் கட்டணத்தை ஒழிக்க 1774-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

250 வருடம் கழித்து நம்ம ஊர் நிலவரம்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர், தீர்ப்பு வராதவர்கள். ஜாமீன் கிடைத்தும் பணமோ ஷூரிட்டியோ இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு.

ஸ்டேன் சுவாமிக்கு என்ன ஆனது?

பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8-ல் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. மாவோயிஸ்ட் தொடர்பு என்பது குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். வழக்கு உபா சட்டத்தில். அதில், குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மைபோல் தெரிந்தாலே ஜாமீன் மறுக்கப்படும். 2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. மேல்முறையீடு மும்பை உயர் நீதிமன்றத்தில் இருந்தபோதே, ஜூலை 5-ல், 84 வயதில் மருத்துவமனையில் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும் அவர் சக கைதிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டார். தங்கள் மேல் என்ன வழக்கு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக்கூடப் பார்க்காமல், வருடக்கணக்கில் பல ஏழைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று எழுதினார்.

ஏதாவது மாறியிருக்கிறதா?

கொஞ்சம். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்குப் பண உதவி செய்யும் மத்திய அரசுத் திட்டமும் அதே ஆண்டு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479-வது பிரிவு இன்னொரு வழி: முதல் முறை வழக்கில் சிக்கியவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

ஆனால் உள்ளே இருப்பவருக்கு இது தெரிந்தால்தானே கேட்பார்? உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த நிலையில் இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். சிறைக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், 'உங்க கேஸ் இப்போ எந்த நிலைல இருக்கு?' என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். ஸ்டேன் சுவாமி அந்த 102 பேரிடம் கேட்டது அதைத்தான்.